டே பாலம், 1879: பழி முழுக்க பௌச் தலையிலதானா?

கரிவண்டி:

டே பாலம்னு சொன்னாலே "புயல்ல விழுந்த பாலம்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. வேற ஒரு இழையிலயும் இப்ப அதே கதை. அங்க பதில் எழுதினா நீண்டுடும், அதனால இங்க தனியா.

தெரியாதவங்களுக்கு: ஸ்காட்லாந்துல டண்டீ நகரத்துக்குத் தெற்கே டே ஆறு கடல்ல சேர்ற அகலமான முகத்துவாரம். அதுக்குக் குறுக்கே கிட்டத்தட்ட 2 மைல் நீளத்துக்கு ஒற்றைப் பாதை ரயில் பாலம். கட்டினது நார்த் பிரிட்டிஷ் ரயில்வே, வடிவமைச்சவர் தாமஸ் பௌச். 1878 ஜூன் 1 திறந்தாங்க. அடுத்த வருஷம் விக்டோரியா மகாராணி அது மேல பயணம் பண்ணாங்க, பௌச்சுக்கு சர் பட்டமும் கொடுத்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 28, ஞாயித்துக்கிழமை ராத்திரி 7.15 வாக்குல நடுவுல இருந்த 13 பெரிய கண்ணும் (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற பகுதிதான் கண்) ரயிலோட ஆத்துல போச்சு. ஒரு எஞ்சின், ஆறு வண்டி. ஒருத்தரும் பிழைக்கல.

கப்பல் பாய்மரம் அடியில போகணும்னு அந்த 13 கண்ணை மட்டும் உயர்த்தி வெச்சிருந்தாங்க, தண்ணிக்கு மேல 88 அடி. மத்த இடத்துல ரயில் கிர்டர் (பாதையைத் தாங்கற இரும்பு உத்தரம்) மேல ஓடும். இங்க மட்டும் ரெண்டு கிர்டருக்கு நடுவுல புகுந்து போகும். ஆக, இங்கதான் காத்து மோதுற பரப்பும் அதிகம், தூணும் உயரம்.

விசாரணைக் குழுவுல மூணு பேர்: ஹென்றி ராதரி, கர்னல் யோலண்ட், டபிள்யூ.எச். பார்லோ. வடிவமைப்பு மோசம், கட்டினது மோசம், பராமரிச்சது மோசம்னு சொன்னாங்க. ராதரி மட்டும் தனி அறிக்கை போட்டு, மூணுக்கும் முக்கியமான பொறுப்பு பௌச்தான்னு பேர் சொல்லி எழுதினார். பௌச் 1880 அக்டோபர்ல இறந்துட்டார்.

என் கேள்வி இதுதான். வடிவமைப்புக்கு அவர் பொறுப்பு, சரி. மத்த ரெண்டுக்கும்?

புயல்பட்சி:

அன்னைக்கு அடிச்ச காத்து, காத்தோட பலத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவுல 10, 11-ன்னு படிச்சிருக்கேன். அந்தக் காத்துல மரம், புகைபோக்கி எல்லாம் விழும். 1879-ல காத்தோட அழுத்தத்தை ஒழுங்கா அளக்கக்கூடத் தெரியாது. இதுல போய் ஆளைத் தேடறது பின்னாடி வந்தவங்களோட புத்திசாலித்தனம். இயற்கை அடிச்சது, விழுந்தது.

கரிவண்டி:

@புயல்பட்சி, அதே காத்துல அதே பாலத்தோட தாழ்வான கண்கள் ரெண்டு கரையிலயும் அப்படியே நின்னுதே? விழுந்தது உயரமான 13 மட்டும். அங்க மட்டும் தனியாவா புயல் அடிச்சது?

அணிகோணம்:

கட்டமைப்புப் பொறியியல் நடத்துகிறவன் என்ற முறையில் சில விவரங்கள்.

காற்றழுத்தத்தை அளக்கத் தெரியாது என்பது பாதிதான் உண்மை. அன்றைக்கே பிரான்சில் சதுர அடிக்கு 55 பவுண்டு, அமெரிக்காவில் 50 பவுண்டு என்று எடுத்துக்கொண்டு பாலம் போட்டார்கள். பிரிட்டனில் அப்படி விதி எதுவும் இல்லை. பௌச் ஃபோர்த் ஆற்றுக்கு ஒரு தொங்குபாலம் திட்டமிட்டபோது, அரசு வானியலாளர் ஜார்ஜ் எய்ரியிடம் கேட்டார். நீண்ட கண் முழுவதற்கும் சராசரியாக 10 பவுண்டு போதும் என்று பதில் வந்தது. அதற்கு முன்பே, 200 அடிக்கு மேற்படாத கிர்டர்களுக்குக் காற்றுக்கென்று தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம் என்று ரயில் பாதைகளைச் சோதிக்கும் அரசுத் துறையான வர்த்தக வாரியமும் அவருக்குச் சொல்லியிருந்தது. டே பாலத்தில் காற்றுக்குத் தனிக் கணக்கு போடவில்லை என்று விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டே பாலத்தின் உயரக் கண்கள் முதலில் 200 அடியாகத்தான் திட்டமிடப்பட்டன. பிறகு பெரும்பாலானவை 245 அடி ஆயின. ஆலோசனையின் வரம்பைத் தாண்டிய பின்னும் ஆலோசனை மட்டும் அப்படியே நின்றது.

செங்கொடி:

எதுக்கு 245 ஆச்சுன்னு கேளுங்க. காசு! பியர் (ஆத்துக்குள்ள நின்னு பாலத்தைத் தாங்கற கட்டு) எண்ணிக்கை குறைஞ்சா செலவு குறையும். செங்கல் பியருக்குப் பதிலா இரும்புக் குழாய் நட்டாங்க, எட்டு தூண் வர வேண்டிய இடத்துல ஆறு. பங்குதாரருக்கு லாபம், பயணிக்குச் சாவு. பௌச்சுக்கு வேலை கிடைச்சதே மலிவா முடிச்சுக் கொடுப்பார்ங்கற பேராலதான்.

அணிகோணம்:

மலிவு என்ற பேர் அவருக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வடிவம் மாறியதற்கு முதல் காரணம் ஆற்றின் அடிமண். துளை போட்டுப் பார்த்தவர்கள் கீழே பாறை இருப்பதாக அறிக்கை தந்தார்கள். தெற்குக் கரையிலிருந்து 14 பியர் கட்டிய பிறகுதான், அதற்கு அப்பால் பாறை என்று சொன்னது கெட்டித்துப்போன சரளை அடுக்கு என்றும் அதன் கீழே இளக்கமான மண் என்றும் தெரிந்தது. கனமான செங்கல் பியரை அந்த மண் தாங்காது. எடையைக் குறைக்க வார்ப்பிரும்புத் தூணுக்குப் போனார். எட்டு தூண் வைத்தால் அடித்தளம் பெரிதாக வேண்டும் என்று ஆறாகக் குறைத்தார்.

அடித்தளத்துக்கு எடை குறைய வேண்டும், காற்றை எதிர்க்க எடையும் அகலமும் கூட வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தார். என் வகுப்பில் மாணவர்களுக்கு நான் இந்த வழக்கை எடுத்துக்கொள்வதே இதற்காகத்தான்.

கோவை_வார்ப்பு:

வணக்கமுங்க. நான் ஃபவுண்டரிக்காரன். எல்லாரும் கணக்கு பேசறீங்க, அந்தத் தூணை ஊத்துன கதையை யாரும் சொல்லல.

ஆத்தோரமா தெக்குக் கரையில வோர்மிட்டுங்கற ஊர்ல பாலத்துக்குன்னே ஃபவுண்டரி போட்டு வார்த்தாங்க. குழாய் குழாயா வார்த்து, முனையில ஃபிளேஞ்ச்சுங்கற விளிம்பு வெச்சு ஒன்னு மேல ஒன்னா போல்ட் போட்டது. தூணுக்கும் தூணுக்கும் நடுவால குறுக்கா தேனிரும்புப் பட்டை, டை-பார். அந்தப் பட்டையைப் புடிக்கற காது இருக்குதல்லங்க, லக்குன்னு சொல்லுவோம், அதைத் தனியா செஞ்சு மாட்டல. தூணோடவே சேர்த்து வார்த்துட்டாங்க. வார்ப்பிரும்பு அமுக்குனா எவ்வளவு வேணாலும் தாங்கும், இழுத்தா பொட்டுனு போயிரும். காத்து பக்கத்துல இருந்து தள்ளறப்ப அந்தக் காதுக்கு வர்றது பூராவும் இழுவைதான்.

அடுத்தது போல்ட் ஓட்டை. ட்ரில் போடாம வார்ப்புலயே ஓட்டையை விட்டுட்டாங்க. வார்ப்பு சுலபமா வரோணும்னு டேப்பர் வெப்போம், அதனால ஓட்டை ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. நேரான போல்ட்டை அதுல சொருகுனா ஒரு விளிம்புல மட்டும்தான் உக்காரும். பாரம் பூரா அந்த விளிம்புல. அது நசுங்குனா பட்டை தொளதொளன்னு ஆயிரும். ட்ரில் பண்ணிக் கொடுத்திருந்தா கூலி கொஞ்சம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதானுங்க.

தூணோட சுவரும் ஒரே தடிமன் இல்லை. உள்ள பொள்ளலுக்கு வெக்கற அச்சு, கோர், கொஞ்சம் நகந்தாலே ஒரு பக்கம் தடி, மறுபக்கம் மெல்லிசுன்னு வந்துரும். இடிபாட்டுல எடுத்த தூண்ல அதைப் பார்த்திருக்காங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம். ப்ளோ ஹோல், அதாவது வார்ப்புல காத்துக் குமிழி ஓட்டை, விழுந்த பீஸை என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? தேன்மெழுகு, வயலின் வில்லுக்குத் தேய்க்கற ரோசின், இரும்புத் தூள், விளக்குக் கரி, நாலையும் உருக்கி ஓட்டையில ஊத்தித் தேய்ச்சு விட்டாங்க. அதுக்குப் பேரு போமாண்ட்ஸ் எக். ஆறுனப்பறம் பாத்தா இரும்பாட்டமேதான் இருக்கும், மேல பெயின்ட் வேற. விசாரணையில அந்த ஃபவுண்டரி ஆளுகளே வந்து சொன்னது இது.

பட்டி பூசற பழக்கம் இன்னிக்கும் ஒழியலைங்க. அலங்கார கேட்டுக்குப் பூசுனா யாரும் சாகப்போறதில்லை. பாரம் தாங்கற பீஸுன்னா ஒடைச்சு மறுக்கா உலையிலதான் போடோணும். அதைச் சொல்ற ஆளு ஃபவுண்டரி வாசல்ல நிக்கோணும். அங்க பௌச்சும் நிக்கல, ரயில்வேக்காரங்க சார்பா வார்ப்பு தெரிஞ்ச ஆளும் நிக்கல.

அணிகோணம்:

அருமை. ஒரு சேர்க்கை: அந்த லக்குகளை லண்டனில் டேவிட் கிர்க்கால்டியின் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தார்கள். கணக்கில் எதிர்பார்த்த பலத்தில் பாதி வருவதற்குள் உடைந்தன. நல்ல வார்ப்பாகத் தெரிந்தவையும் அப்படித்தான். ஆகவே போமாண்ட்ஸ் எக் இல்லாத தூணாக இருந்தாலும் வடிவமே பலவீனம்.

கோவை_வார்ப்பு:

சரிதானுங்க. ஆனா இதே பௌச்சு போட்ட பெலா பாலம் இங்கிலாந்து மலைக்காட்டுல 1960-கள் வரைக்கும் நின்னுச்சு. அதுவும் வார்ப்பிரும்புத் தூண்தான். பொருந்தற இடத்தையெல்லாம் மெஷின்ல கடைஞ்சு மாட்டுனாங்க. மனுசனுக்குத் தெரியாம இல்லைங்க.

ஓய்வு_பிரிட்ஜ்மேன்:

தம்பிமாரே, நான் ரயில்வேயில் பிரிட்ஜ் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவன். மூணாவது "மோசம்" பத்தி யாரும் பேசலையேன்னு எழுதுறேன்.

பாலத்தைப் பார்த்துக்க வெச்சிருந்த ஆள் ஹென்றி நோபிள். நல்ல உழைப்பாளி. ஆனா அவர் தொழில் செங்கல் வேலை. அவருக்குச் சொல்லியிருந்த வேலை, பியர் அடியில ஆத்துத் தண்ணி மண்ணை அரிக்குதான்னு பார்க்கிறது. இரும்பு வேலையைப் பார்க்கணும்னு அவர்கிட்ட யாரும் சொல்லலை. அதுக்குத் தனி ஆளும் போடலை. அவ்வளவு பெரிய இரும்புப் பாலத்துக்கு இரும்பு தெரிஞ்ச ஒரு ஆள் கிடையாது!

ஒரு நாள் அடியில நிக்கும்போது மேல டை-பார் கடகடன்னு ஆடுற சத்தம் கேட்டிருக்கார். ஏறிப் பார்த்தா பட்டையை இறுக்குற ஆப்புல இடைவெளி. மனுஷன் என்ன பண்ணினார்? இரும்புத் துண்டு வாங்கி நூத்துக்கும் மேற்பட்ட இடத்துல சந்துக்குள்ள செருகி அடிச்சுட்டார். சத்தம் நின்னுபோச்சு. பௌச்சுக்குச் சொல்லலை.

இதுல இருக்கிற வில்லங்கம் பாலத்துல வேலை பார்த்தவனுக்குத்தான் புரியும். பட்டை தளர்ந்தா அதை இழுத்து மறுபடி விறைப்பாக்கணும். சந்துல பேக்கிங் வெச்சா சத்தம் போகும், விறைப்பு வராது. சாய்ஞ்ச தூணைச் சாய்ஞ்ச நிலையிலேயே பூட்டின கணக்கு. அந்தச் சத்தம்தான் பாலம் கொடுத்த ஒரே எச்சரிக்கை, அதையும் அமத்தியாச்சு.

ஆனா நான் நோபிளைத் திட்ட மாட்டேன். எனக்குக் கீழே கேங்மேன் யாராவது இப்படிச் செஞ்சா, அவன்கிட்ட எழுதிக் கொடுத்த டியூட்டி என்னன்னுதான் முதல்ல பார்ப்பேன். தூண்ல நெடுக்கு விரிசல் கண்டபோது அவர் பௌச்சுக்குச் சொல்லியிருக்கார், இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருக்காங்க. தெரிஞ்சதைச் சொன்னார். எது சொல்ல வேண்டிய விஷயம்னு அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

1879 கோடையில பெயின்ட் அடிச்ச ஆளுங்களும் வண்டி போகும்போது பாலம் பக்கவாட்டுல ஆடுதுன்னு பேசியிருக்காங்க. விழுந்த பிறகுதான் அதெல்லாம் சாட்சியா வந்தது.

செங்கொடி:

ஐயா, இது பத்தி நீங்க தனியாவே ஒரு இழை போடலாம்.

புயல்பட்சி:

சரி, அரசாங்கத் தரப்புல யாருமே சோதிக்கலையா? சும்மாவா திறந்துவிட்டாங்க?

கரிவண்டி:

சோதிச்சாங்க. வர்த்தக வாரியத்து மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் 1878 பிப்ரவரியில வந்தார். கனமான எஞ்சின் ஆறை வரிசையா கோத்து மேல ஓட்டிப் பார்த்தார். பாலம் நல்லாத் தாங்குச்சு. மணிக்கு 25 மைலுக்கு மேல போகக்கூடாதுன்னு வேகக் கட்டுப்பாடு போட்டார். கடைசியில, பலமான காத்து அடிக்கும்போது ஒரு வண்டி போறதை நேர்ல பார்க்க விருப்பம்னும் எழுதி வெச்சார். பார்க்கறதுக்கு முன்னாடி காத்தே பார்த்துக்கிச்சு.

மேல இருந்து அழுத்துற பாரத்துக்கு மட்டும் சோதனை. பக்கத்துல இருந்து தள்ளினா என்னாகும்ங்கறது சோதனைப் பட்டியல்லயே இல்லை.

அந்த 25 மைலையும் யாரு மதிச்சா? டண்டீயோட முன்னாள் நகரத் தலைவர் ஒருத்தர் கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு நேரம் பார்த்து, 40 மைலுக்கு மேல போறாங்கன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டப் புகார் கொடுத்தார். ஆத்துல ஓடின படகை முந்த ரயில் டிரைவர்கள் போட்டி போட்டாங்கன்னு பயணிகள் சாட்சி சொன்னாங்க. வேகமா போற வண்டி அந்த உயரக் கண்ணுக்குள்ள நுழைஞ்சா கிர்டர் குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலும் கோவைக்கார அண்ணன் சொன்ன அந்தக் காதைத்தான் இழுக்கும்.

டண்டீவாசி:

வேலை நிமித்தமா இந்த ஊர்லதான் இருக்கேன். இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

புதுப் பாலம் பழசுக்கு மேற்கால, பக்கத்துலயே ஓடுது. பழைய பியர்களோட அடிக்கட்டை இன்னும் ஆத்துக்குள்ள வரிசையா நிக்குது. செங்கல்லும் கல்லுமா, மேல் பக்கம் வெட்டின மாதிரி. நீர் வத்துற நேரத்துல வோர்மிட் கரையில நின்னா நல்லாத் தெரியும். அடிக்கட்டை அத்தனையும் தன் இடத்துல இருக்கு. அதாவது அஸ்திவாரம் பெயரல, அதுக்கு மேல நின்ன இரும்புதான் போச்சு. நேர்ல பார்க்கறப்போ அது உறைக்குது.

அன்னைக்கு ராத்திரி நடந்ததையும் சுருக்கமா சொல்றேன், மேல யாரும் சொல்லல. தெற்குக் கோடி கேபின்ல சிக்னல்மேன் தாமஸ் பார்க்ளே. ஒற்றைப் பாதை, அதனால வண்டி மெதுவாகும்போது ஃபயர்மேன் கையில டோக்கன் (பாதையில போக அனுமதி) கொடுத்துட்டு உள்ள வந்து வடக்குக் கேபினுக்கு மணி அடிச்சார். கூட இருந்த ஜான் வாட்ங்கறவர் கதவுக் கண்ணாடி வழியா வண்டியோட பின்விளக்கைப் பார்த்துக்கிட்டே இருந்தார். சக்கரத்துல இருந்து தீப்பொறி பறக்குது. சில நிமிஷம் கழிச்சு ஒரு பெரிய வெளிச்சம், அப்புறம் விளக்கே இல்லை. வண்டி சரிவுல இறங்கியிருக்கும்னு முதல்ல நினைச்சாங்க. கருவியைத் தட்டிப் பார்த்தா பதில் இல்லை, கம்பி அறுந்து கிடந்தது.

வடக்குப் பக்கத்துல இருந்து ஸ்டேஷன் மாஸ்டரும் லோகோ ஃபோர்மேனும் அந்தக் காத்துல பாலத்து மேல தவழ்ந்து போனாங்க. பாலத்தோட போன குடிதண்ணிக் குழாய் ஒடைஞ்சு தண்ணி பீச்சிக்கிட்டு இருந்த இடத்துல பாதை முடிஞ்சிருந்தது.

எத்தனை பேர் இறந்தாங்கன்னு கணக்கு போட்டதும் ஒரு கதை. முந்தின ஸ்டேஷன் செயின்ட் ஃபோர்ட்ல டிக்கெட்டை வாங்கி வெச்சிருந்தாங்க, அதை எண்ணித்தான் 75-ன்னு அப்ப சொன்னாங்க. கிடைச்ச உடல் 46. பின்னாடி ஆவணங்களை வெச்சு ஆராய்ஞ்சவங்க பேர் உறுதியானது 59 பேர்னு சொல்றாங்க. 2013 டிசம்பர் 28 ரெண்டு கரையிலயும் நினைவுக்கல் வெச்சாங்க, அதுல 59 பேர்தான் இருக்கு.

மண்டபம்_ரவி:

எங்க ஊர்ப் பக்கம் பழைய பாம்பன் பாலத்துல காத்து அளக்கற கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் தானா சிவப்புக்கு வந்துடும், வண்டி நிக்கும். டே பாலத்துல அப்படி ஒன்னு இருந்திருந்தா?

ஓய்வு_பிரிட்ஜ்மேன்:

ரவி தம்பி, பாலம் அன்னைக்கு விழாம இன்னொரு நாள் விழுந்திருக்கும். சிக்னல் வண்டியை நிறுத்தும், லக்கைப் பிடிச்சு நிறுத்தாது. ஆனா அந்த 59 பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்க, அதுவும் உண்மைதான்.

நெறியாளர்:

பாம்பனுக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. இங்கே டே பாலத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

புயல்பட்சி:

பௌச் தரப்பு வாதத்தை யாரும் எடுக்கலையே. கடைசிப் பக்கத்துல இருந்த லேசான பெட்டி காத்துல தடம் புரண்டு கிர்டர்ல இடிச்சது, அதனாலதான் பாலம் விழுந்ததுன்னு அவர் சொன்னார். அப்படின்னா பாலத்து மேல குத்தம் இல்லையே?

அணிகோணம்:

சொன்னார். குழு ஏற்கவில்லை. ஒரு பெட்டி இடித்தால் ஒரு கண் சேதமாகலாம். பதின்மூன்றும் ஏன் விழ வேண்டும்? ரயில் விழுந்த கிர்டருக்குள்ளேயே கிடந்தது. மேலும், ஒரு பெட்டி பக்கவாட்டில் இடித்ததற்கே விழுகிற பாலம் என்றால் அது பௌச்சுக்குச் சாதகமான வாதம் அல்ல.

இன்றும் முடியாத சர்ச்சை வேறு. ஒரு தரப்பு, அன்றைய காற்றின் விசை ஒன்றே அந்த டை-பார்களுக்கு மிஞ்சியது, கணக்கு அத்தோடு முடிகிறது என்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லூயிஸ் போன்றவர்கள், விசாரணைக்காக எடுத்த இடிபாட்டுப் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, லக்குகள் மாதக் கணக்கில் ஆடி ஆடிச் சோர்ந்து விரிசல் விட்டிருந்தன, அன்றைய காற்று கடைசித் தள்ளு மட்டுமே என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பக்கமே சாய்வு. நோபிள் கேட்ட சத்தத்துக்கும் பெயின்டர்கள் பார்த்த ஆட்டத்துக்கும் முதல் தரப்பிடம் பதில் போதவில்லை. ஆனால் காற்றுக் கணக்குப் போட்டவர்களைத் தள்ளிவிடவும் முடியாது, அவர்கள் கணக்கு வலுவானது.

கரிவண்டி:

அப்போ என் கணக்கு இது. காத்தைக் கணக்குல எடுக்காதது, இழுவைக்கு வார்ப்பிரும்புக் காதை நம்பினது, ஃபவுண்டரிப் பக்கம் எட்டிப் பார்க்காதது மூணும் பௌச். கண்ணை மூடிக்கிட்டு ஊத்தினது ஒப்பந்தக்காரர். வேகத்தையும் பராமரிப்பையும் விட்டது ரயில்வே. காத்துக்கு விதியே வெக்காம சான்றிதழ் கொடுத்தது வாரியம். இதுல செத்துப்போன ஒருத்தர் பேரை மட்டும் பள்ளிக்கூடப் புத்தகம் வரைக்கும் கொண்டுபோனது ராதரி.

செங்கொடி:

ராதரி எழுதும்போது பௌச் உயிரோடதான் இருந்தார். அறிக்கை ஜூன், சாவு அக்டோபர். மத்தபடி ஒத்துக்கறேன். ஆனா சம்பளம் வாங்கின தலைமைப் பொறியாளர் அவர்தானே? "ஃபவுண்டரிக்கு நான் போகலை"ன்னா யாரைப் போகச் சொன்னார்? பங்கு போட்டுக் கொடுத்தா யாருக்கும் வலிக்காது.

கோவை_வார்ப்பு:

செங்கொடி சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க.

ஓய்வு_பிரிட்ஜ்மேன்:

வாரியம் அப்புறம் சதுர அடிக்கு 56 பவுண்டுன்னு விதி போட்டது. பௌச்சோட ஃபோர்த் தொங்குபாலத்தைக் கைவிட்டு ஃபவுலர், பேக்கர்ங்கற ரெண்டு பொறியாளர் கையில கொடுத்தாங்க. 1890-ல திறந்த அந்த ஃபோர்த் பாலத்தோட தடிமனைப் பார்த்தாலே டே பாலத்தோட பயம் தெரியும். மாண்ட்ரோஸ்ல பௌச் போட்ட இன்னொரு பாலத்தையும் சோதிச்சுப் பார்த்து இடிச்சுட்டு வேற கட்டினாங்க.

புயல்பட்சி:

டண்டீவாசி, ஒரு சந்தேகம். பழைய பாலத்துக் கிர்டர் எல்லாம் என்ன ஆச்சு? எஞ்சின்?

டண்டீவாசி:

எஞ்சின் நம்பர் 224. ஆத்துல இருந்து தூக்கி, பழுது பார்த்து, 1919 வரைக்கும் ஓட்டினாங்க. ரயில்வே ஆளுங்க அதுக்கு டைவர்னு பட்டப்பேர் வெச்சுட்டாங்க.

புதுப் பாலம் 1887-ல திறந்தது, இரட்டைப் பாதை. வடிவமைச்சது விசாரணைக் குழுவுல உக்கார்ந்த அதே பார்லோவும் அவர் மகனும். விழாம நின்ன தாழ்வான கண்களோட கிர்டர்களைச் சோதிச்சு, தேறினதைப் புதுப் பாலத்துலயே போட்டுட்டாங்க. தேனிரும்புல செஞ்ச கிர்டர் நல்லாத்தான் இருந்தது, கீழ தாங்கின வார்ப்புதான் சரியில்ல. தினம் அது மேலதான் வண்டி போகுது.